டிக்கெட்டோட கீழ்வரியில இருந்த 1656 ரூபாய் 25 காசு

அலமாரியில பழைய பேப்பரெல்லாம் ஒழிச்சுக்கிட்டிருந்தேன். பொண்ணோட நாலாங்கிளாஸ் நோட்டுக்குள்ள இருந்து ஒரு டிக்கெட் கீழ விழுந்துச்சு.

மார்ச் 28, 2025. சேப்பாக்கம். சென்னை சூப்பர் கிங்ஸும் பெங்களூரும் மோதின ஐ.பி.எல். மேட்ச்.

அவ ஸ்டேடியத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதனாலதான் பத்திரமா வச்சிருக்கா. அன்னைக்கு நாம 50 ரன் வித்தியாசத்துல தோத்தோம். (2008-க்கு அப்புறம் பெங்களூர் நம்மளை நம்ம கிரவுண்டுல முதல் தடவையா ஜெயிச்சது அன்னைக்குத்தான். இன்னும் ஆறல.) தோனி 9-வது ஆளா இறங்கி 16 பந்துல 30 அடிச்சாரு. அவரு உள்ள வரும்போது எழும்பின சத்தத்துல, பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அவளும் சேர்ந்து கத்தினா. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ஆனா இன்னைக்கு எழுத வந்தது மேட்ச் பத்தி இல்ல.

டிக்கெட்டுல கீழ பொடி எழுத்துல விலை விவரம் போட்டிருந்துச்சு. அன்னைக்குக் கூட்டத்துலயும் அவசரத்துலயும் பார்க்கல. இப்ப தரையில உக்காந்து நிதானமா படிச்சேன்.

அடிப்படை விலை: 2343.75
கேளிக்கை வரி 25%: 781.25
மத்திய ஜி.எஸ்.டி. 14%: 437.50
மாநில ஜி.எஸ்.டி. 14%: 437.50
மொத்தம்: 4000 ரூபாய்

நான் கொடுத்த 4000-ல 1656 ரூபாய் 25 காசு வரி.

அலமாரி அப்படியே கிடந்துச்சு. நான் போன்ல கால்குலேட்டரைத் திறந்துட்டேன்.

முதல்ல, 2343.75-க்கு 25 சதவீதம் போட்டுப் பார்த்தேன். 585.94 வந்துச்சு. டிக்கெட்டுல இருக்கறது 781.25. சரி, தப்பா அழுத்திட்டேன் போலன்னு இன்னொரு தடவை போட்டேன். அதே 585.94 தான்.

அடுத்து ஜி.எஸ்.டி. 2343.75-க்கு 14 சதவீதம்னா சுமார் 328. டிக்கெட்டுல 437.50. இதுவும் ஒத்துவரல.

சமையல் அடுப்புல. குக்கர் நாலு விசில் விட்டதும் தெரியல. பொண்ணு வந்து அணைச்சா.

அப்புறம்தான் தலைகீழா போகலாம்னு தோணுச்சு. 437.50 எந்தத் தொகைக்கு 14 சதவீதம்? வகுத்தேன். 3125.

அட! அடிப்படை விலையையும் கேளிக்கை வரியையும் கூட்டினா வர்ற தொகைதான் அந்த 3125. கேளிக்கை வரி 781.25-ம் சரியா அந்த 3125-ல கால்வாசி.

இதுல ரெண்டு விஷயம் புரிஞ்சுது.

ஒண்ணு, 25 சதவீதம்னு போட்டிருக்கறது அடிப்படை விலைக்கு இல்ல. வரியையும் உள்ள சேர்த்து வர்ற தொகைக்கு. அடிப்படை விலையை வச்சுப் பார்த்தா அது மூணுல ஒரு பங்கு, அதாவது 33 சதவீதத்துக்கு மேல.

ரெண்டு, ஜி.எஸ்.டி. அந்த 3125 மேல விழுந்திருக்கு. அதாவது கேளிக்கை வரிக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருக்காங்க. வரிக்கு வரி!

கல்யாணத்துல 1000 ரூபாய் மொய் எழுதினவரைக் கூப்பிட்டு, "நீங்க எழுதின மொய்க்கு ஒரு மொய் எழுதிட்டுப் போங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு. 781.25-க்கு 28 சதவீதம்னா 218 ரூபாய் 75 காசு. ஒரு டிக்கெட்டுல வரிக்கான வரி மட்டும் அவ்வளவு.

இது யாரோ தப்பா போட்ட கணக்கும் இல்ல. ஜி.எஸ்.டி. சட்டம் 15-வது பிரிவுலயே இருக்கு. ஜி.எஸ்.டி. தவிர வேற சட்டத்துல வர்ற வரி எதுவா இருந்தாலும், அதையும் விலையோட சேர்த்து, மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. கணக்குப் போடணும். சட்டப்படி சரி. சட்டப்படி சரியா இருக்கறதாலதான் எனக்கு இன்னும் கோவம் வருது. தப்புன்னா எழுதிப் போட்டுத் திருத்திடலாம்.

இந்த இடத்துல எங்கப்பாவைப் பத்தி சொல்லணும்.

அப்பாவுக்கு 74 வயசு. பொறந்ததுல இருந்து திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் அவருக்கு நடந்து போற தூரம். தாத்தா 1952-ல அங்கதான் இங்கிலாந்துக்கு எதிரா இந்தியா முதன்முதலா டெஸ்ட் ஜெயிச்சதைப் பார்த்தாராம். வினு மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்த இன்னிங்ஸை, தாத்தா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அப்பாவோட மேட்ச் 1986. ஆஸ்திரேலியாவோட டை ஆன டெஸ்ட். செப்டம்பர் வெயில்ல டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்ச மேட்ச். கடைசி நாள் திங்கக்கிழமை. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, புளிசாதம் கட்டிக்கிட்டு, துண்டை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாராம். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனப்போ யாருக்கும் என்ன நடந்துச்சுன்னே புரியலையாம். "ஜெயிச்சோமா தோத்தோமான்னு பக்கத்துல இருந்தவன் என்னைக் கேட்டான், நான் அவனைக் கேட்டேன்"ம்பாரு. அந்த வரியை நான் நூறு தடவை கேட்டிருக்கேன்.

அந்த மார்ச் மேட்ச்சுக்கு அவரையும் கூட்டிட்டுப் போகணும்னுதான் ஆசைப்பட்டேன்.

"டிக்கெட் எவ்ளோம்மா?"

"நாலாயிரம்ப்பா."

"ஒருத்தருக்கா?"

"ஆமாம்ப்பா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீயும் குழந்தையும் போயிட்டு வாங்க. எனக்கு டிவியே போதும். அந்தப் படியெல்லாம் என்னால ஏற முடியாது"ன்னுட்டாரு. (தினம் காலையில மெரினாவுல வேகமா நடக்கறவர். படி ஏற முடியாதாம்!)

நானும் மேல வற்புறுத்தல. மூணு டிக்கெட்னா 12000. அந்த மாசம் ஸ்கூல் பீஸ் வேற.

இப்ப அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மூணு பேருக்கும் அடிப்படை விலை மட்டும்னா 7031 ரூபாய் 25 காசு. நாங்க ரெண்டு பேரு போனதுக்குக் கொடுத்தது 8000. அதுல வரி மட்டும் 3312.50. அப்பாவோட சீட்டு அந்த வரிக்குள்ளயே இருந்திருக்கு.

இதைப் பார்த்ததுக்கு அப்புறம் இந்தப் பதிவை எழுதாம இருக்க முடியல.

சரி, இந்தக் கேளிக்கை வரி எங்க இருந்து வந்துச்சு? ரெண்டு நாள் ராத்திரி தேடித் தேடிப் படிச்சேன்.

ஆரம்பம் இங்கிலாந்து. 1916. முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த நேரம். போர்ச் செலவுக்குப் பணம் வேணும்னு, காசு கொடுத்து உள்ள போற சினிமா, நாடகம், புட்பால் மேட்ச் எல்லாத்துக்கும் வரி போட்டாங்க. தற்காலிகம்னு சொல்லித்தான் போட்டாங்க. போர் 1918-ல முடிஞ்சுது. வரி முடியல. நாடகத்தையும் விளையாட்டையும் அதுல இருந்து விடுவிக்க 1957 ஆச்சு. மொத்தமா எடுத்தது 1960-ல.

அந்த விதை இங்கயும் விழுந்துச்சு. 1922-ல வங்காளத்துல, 1923-ல பம்பாயில. நம்ம சென்னை மாகாணத்துல 1939. ராஜாஜி பிரதமரா இருந்த காலம் (அப்போ மாகாண முதலமைச்சரைப் பிரதமர்னுதான் சொல்லுவாங்க). மதுவிலக்கால குறைஞ்ச வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரி கொண்டுவந்தாங்களே, அதே 1939-லதான் கேளிக்கை வரிச் சட்டமும் வந்துச்சு.

என் வயசுக்காரங்களுக்கு இந்த வரி சினிமா டிக்கெட்டுல பழக்கம். மெல்லிசா, கலர் கலரா ஒரு துண்டுப் பேப்பர். அடிப்படை விலை தனியா, கேளிக்கை வரி தனியா அச்சடிச்சிருக்கும். பாதியைக் கிழிச்சுட்டு மீதியைக் கையில கொடுப்பாங்க. சின்ன வயசுல "கேளிக்கை"ன்னா என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். "சந்தோஷமா இருக்கறது"ன்னாங்க. "அதுக்கு எதுக்கும்மா வரி?"ன்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லாம முறுக்கு வாங்கிக் கொடுத்தாங்க.

அப்புறம் 2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்துச்சு. பழைய வரியெல்லாம் இதுக்குள்ள கரைஞ்சுடும், ஒரே வரிதான்னு சொன்னாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அரசியல் சட்டத்தைத் திருத்தும்போது ஒரு கதவை மட்டும் திறந்தே வச்சாங்க. பஞ்சாயத்து, நகராட்சி மாதிரி உள்ளாட்சிகள் கேளிக்கை வரி வசூல் பண்ணிக்கலாம். தமிழ்நாட்டுல அந்த வருஷமே அதுக்குத் தனிச் சட்டம் வந்துடுச்சு.

அப்போ சினிமாவுல நடந்தது ஞாபகம் இருக்கா? 28 சதவீதம் ஜி.எஸ்.டி., அதுக்கு மேல 30 சதவீதம் உள்ளாட்சி கேளிக்கை வரின்னதும், ஜூலை 3-ல இருந்து தமிழ்நாடு பூரா தியேட்டரை மூடிட்டாங்க. அரசாங்கம் பேசுச்சு. அந்தக் கேளிக்கை வரி பின்னால பாதிக்கும் கீழ குறைஞ்சுது.

அவங்களுக்குச் சங்கம் இருந்துச்சு, மூடறதுக்குக் கதவு இருந்துச்சு.

கேலரியில உக்கார்றவங்களுக்கு என்ன இருக்கு? நாம என்னத்தை மூட முடியும்? போகாம இருக்கலாம், அவ்வளவுதான். எங்கப்பா மாதிரி "டிவியே போதும்"னு சொல்லிக்கலாம். அதை யாரும் போராட்டமா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம சீட்டுல வேற ஒருத்தர் வந்து உக்காந்துடுவாரு.

நான் வரியே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. என் பொண்ணு நடக்கற ரோடு, எங்கப்பா மாத்திரை வாங்கற அரசு ஆஸ்பத்திரி எல்லாம் வரிப்பணத்துல ஓடுது. என் கேள்வி வேற.

அதைச் சொல்ல, இதே ஜி.எஸ்.டி. சட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரு இடத்தைக் காட்டறேன்.

அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டின்னு ஒரு வகை இருக்கு. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்பு நடத்தணும். ஆடறவங்க ஒரு மாவட்டத்தையோ, மாநிலத்தையோ, மண்டலத்தையோ, நாட்டையோ பிரதிநிதித்துவப்படுத்தி ஆடணும். அந்த மாதிரி மேட்ச்சுக்கு டிக்கெட் 500 ரூபாய்க்குள்ள இருந்தா ஜி.எஸ்.டி. கிடையாது. சுத்தமா கிடையாது. 500-ஐத் தாண்டினா 18 சதவீதம். (முதல்ல இந்த வரம்பு 250. 2018 ஜனவரியில 500 ஆக்கினாங்க. அதோட நின்னுடுச்சு. அன்னைக்கு 500-க்கு வாங்கினதை இன்னைக்கு 500-க்கு வாங்க முடியுமா? இதையும் ஏத்தணும்.)

யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காங்க, பாருங்க. மலிவு சீட்டுல உக்கார்றவன் யாரு, அவன்கிட்ட ஏன் வாங்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்காங்க. படிக்கும்போது மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

2021 பிப்ரவரியில சேப்பாக்கத்துல இங்கிலாந்தோட ரெண்டாவது டெஸ்ட். கொரோனாவுக்கு அப்புறம் முதல் தடவையா ஆளுங்களை உள்ள விட்டாங்க. டிக்கெட் 100, 150, 200. அஸ்வின் சொந்த ஊர்ல செஞ்சுரி அடிச்சாரே, அந்த மேட்ச்தான். 200 ரூபாய் டிக்கெட்ல ஜி.எஸ்.டி. சைபர். அதே மண்ணு, அதே சீட்டு, அதே கடல் காத்து.

சினிமாவுலயும் அப்படித்தான். 100 ரூபாய்க்குள்ள இருக்கற டிக்கெட்டுக்கு ஒரு வரி, மேல போனா அதிக வரி. இப்ப 2025 செப்டம்பர்ல இருந்து 100 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 18.

ஆனா ஐ.பி.எல்.லுக்கு மட்டும் இந்தப் படிக்கட்டே கிடையாது. அங்க ஆடறது கம்பெனி டீம், மாநில டீம் இல்லைங்கறதால அந்தச் சலுகை வகைக்குள்ள வராது. சரி, வரவேணாம். ஆனா நாங்க போன மேட்ச்சுல 1700 ரூபாய் சீட்டுக்கும் 7500 ரூபாய் சீட்டுக்கும் ஒரே சதவீதமா?

அந்த 1700 டிக்கெட்டையும் பிரிச்சுப் பார்த்தேன். அடிப்படை விலை 996 ரூபாய் சொச்சம். கேளிக்கை வரி 332. ஜி.எஸ்.டி. 372. அதாவது ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்க வேண்டிய சீட்டு, 700 ரூபாய் வரியோட 1700-ல வந்து நின்னுச்சு. ஆயிரம்னா எங்க தெருவுல இருக்கற பெயிண்டர் தம்பி, மாசக் கடைசியா இல்லாம இருந்தா, தன் பையனைக் கூட்டிட்டு ஒரு தடவை போயிட்டு வந்துடுவான். 1700-ன்னா யோசிப்பான். ரெண்டு பேருக்கு 3400-ன்னா போனை மூடி வச்சுடுவான். வரி போடறவங்க இந்த ரெண்டு தொகைக்கும் நடுவுல இருக்கற ஆளைப் பார்க்கணும்.

நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னப்போ ரெண்டு பதில் வந்துச்சு.

முதல் பதில்: "ஐ.பி.எல். ஆடம்பரம். போகணும்னா கொடுத்துத்தான் ஆகணும்."

ஏத்துக்க மாட்டேன். ஏ.சி. பெட்டியில சாப்பாட்டோட மேட்ச் பார்க்கறது ஆடம்பரம். ஏப்ரல் புழுக்கத்துல, சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு, நாலு மணி நேரம் பிளாஸ்டிக் சீட்டுல உக்கார்றது ஆடம்பரம் இல்ல. அது ஆசை. ஒரு ஊர்க்காரனுக்குத் தன் ஊர் மைதானத்து மேல இருக்கற ஆசை.

ரெண்டாவது பதில்: "வரியைக் குறைச்சாலும் விலையைக் குறைக்க மாட்டாங்க. அந்தக் காசையும் டீம்தான் எடுத்துக்கும்."

இது நியாயமான சந்தேகம். எனக்கும் இருக்கு. அடிப்படை விலையே 2343 ரூபாய் எதுக்குன்னு நாம தனியா கேக்கணும். ஆனா அதனாலதான் மொத்தமா குறைக்கச் சொல்லாம, மலிவு சீட்டுக்குப் படிக்கட்டு வைக்கச் சொல்றேன். இவ்வளவு ரூபாய்க்குள்ள வித்தாத்தான் குறைஞ்ச வரின்னு வச்சா, விக்கறவங்களுக்கும் அந்த விலைக்குள்ள நிக்க ஒரு காரணம் இருக்கும். 500 ரூபாய் வரம்பு செய்யற வேலை அதுதானே?

நான் இப்படி யோசிச்சுக்கிட்டிருக்க, வரி எதிர்த்திசையில போயிடுச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 40 சதவீதம். சிகரெட், பான் மசாலா இருக்கற தட்டு. அதே அடிப்படை விலை, அதே கேளிக்கை வரின்னு வச்சுக்கிட்டா என்னோட 4000 ரூபாய் டிக்கெட் 4375 ஆகும். 1700 டிக்கெட் 1859 ஆகும்.

சிகரெட்டுக்கு வரி ஏத்தினா எனக்குச் சந்தோஷம். யாராவது ஒருத்தர் விடுவாங்க. ஆனா ஒரு குழந்தை கிரவுண்டுக்குப் போறதை எதுக்குக் குறைக்கணும்?

எனக்கு மூணு விஷயம் வேணும். பெருசா ஒண்ணும் இல்ல.

மலிவு கேலரிக்குப் படிக்கட்டு வேணும். மேல சொல்லிட்டேன்.

வரிக்கு வரி போடறதை நிறுத்தணும். ஒரே பொருளுக்கு ரெண்டு அரசு வரி போடலாம், ஒருத்தர் போட்ட வரியை இன்னொருத்தர் பொருளா நினைக்கக் கூடாது.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கேளிக்கை வரி உள்ளாட்சிக்குப் போறது. அதாவது நம்ம ஊருக்கு. அப்படின்னா என்னோட 781 ரூபாய் 25 காசு எந்த மைதானத்துக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியணும். எங்க பேட்டைப் பசங்க இன்னைக்கும் பார்க்கிங் பண்ணின பைக்குகளுக்கு நடுவுல, சந்துல, டென்னிஸ் பந்துல ஆடறாங்க. பால் ஒரு வீட்டு மாடிக்குப் போனா அன்னைக்கு ஆட்டம் குளோஸ். விளையாட்டைப் பார்க்க வந்தவங்ககிட்ட வாங்கின வரியில, விளையாடறதுக்கு ஒரு இடமும் ரெண்டு வலையும் ஒரு லைட்டும் போட்டாங்கன்னா, நான் அடுத்த தடவை அந்தக் கீழ்வரியைச் சந்தோஷமா படிப்பேன். டிக்கெட்டுலயே அச்சடிச்சுக் கூடப் போடலாம், இந்தப் பணம் இந்த மைதானத்துக்குன்னு.

ராத்திரி இந்தக் கணக்கையெல்லாம் அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டிக்கெட்டை ரொம்ப நேரம் பார்த்தாரு. வரியைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

"இது எந்த ஸ்டாண்டு?"ன்னாரு. சொன்னேன்.

"நீங்க மேல இருந்தீங்களா! அன்னைக்கு தோனி வந்தப்போ ஒரு சத்தம் வந்துச்சே. டிவியில இன்னும் அவுட்டானவன் நடந்து போயிக்கிட்டிருக்கான், இங்க மொட்டைமாடியில எனக்குச் சத்தம் கேட்டுடுச்சு. யாரோ இறங்கறாங்கன்னு தெரிஞ்சு வேகமா கீழ ஓடி வந்தேன்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. மொட்டைமாடியா?

"டிவியில பாக்கறேன்னுதானே சொன்னீங்க?"

"பாதி டிவி. பாதி மாடி. லைட்டு தெரியும் அங்க இருந்து."

மாடி வரைக்கும் படி ஏறி இறங்கியிருக்காரு மனுஷன். ஒரு மேட்ச்சுக்கு எத்தனை தடவையோ.

அடுத்த ரஞ்சி மேட்ச் சேப்பாக்கத்துல எப்போன்னு தேடிக்கிட்டிருக்கேன். ரஞ்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே இருக்காது, சும்மா நடந்து உள்ள போயிடலாம். கூட்டம் இருக்காது, தோனி இருக்க மாட்டாரு. பரவால்ல. மூணு பேரும் போறோம். புளிசாதம் நான் கட்டறேன். துண்டு அவரே எடுத்து வச்சுட்டாரு.